ஆறாம் குழியின் மணி

இன்வர்கெல்டி கோல்ஃப் மைதானத்தில் ஆறாம் குழிக்குப் பந்தை அடிக்கிறவனுக்குக் கொடி தெரியாது. எதிரே முப்பதடி உயரத்துக்கு ஒரு மணல்மேடு நிற்கும். அதன் தலையில் வெள்ளையடித்த கல் ஒன்று. கல்லைக் குறிவைத்து அடிக்க வேண்டும், பந்து மேட்டைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்துவிடும், மற்றதைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும். மேட்டுக்கு அந்தப்பக்கம், குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனில் யார் நிற்கிறார்கள் என்று இந்தப்பக்கம் இருப்பவனுக்குத் தெரியாது. அதனால்தான் அங்கே ஒரு மணி. முன்னால் போகிறவர்கள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிரீனை விட்டு இறங்கியதும் அந்த மணியை அடித்துவிட்டுப் போவார்கள். மணி கேட்ட பிறகு பின்னால் வருகிறவன் அடிக்கலாம்.

மேட்டை வெட்டித் தள்ளிவிட்டால் என்ன என்று ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். ஊர் சிரித்தே அவரை ரயிலேற்றிவிட்டது. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல் அது. மேட்டைக் குவித்தது காற்று. மணற்பள்ளங்களைத் தோண்டியது காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த ஆடுகள். மனிதர் செய்ததெல்லாம் பள்ளத்தின் சுவர் சரியாமல் புல்கட்டிகளை அடுக்கியதும், அந்த மணியைத் தொங்கவிட்டதும்தான்.

லாக்லன் இம்ரி அந்த மணியைத் தொட்டுப் பதினேழு வருஷமாகிறது.

ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. லாக்லன் ரொட்டிக்கடைக்காரன், நாற்பத்தொரு வயது, நல்ல சிரிப்பு. சனிக்கிழமைகளில் ஸ்ட்ரூவன் கின்னியரோடுதான் ஆடுவான். ஸ்ட்ரூவன் நிலக்கரி வியாபாரி, கிளப்பின் தலைவன். அவன் இருக்கும் இடத்தில் மணியடிக்கும் வேலையை அவன்தான் செய்வான், அல்லது செய்யாமல் விடுவான். செய்யாமல் விடுவது ஒரே ஒருவருக்குத்தான். அவர் கில்பர்ட் பயட், தச்சர்.

போருக்கு முந்தின வருஷம், அக்டோபர் மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், பயட் ஆறாம் குழிக்கு அடித்த பந்து ஸ்ட்ரூவனின் தம்பி நினியனின் நெற்றிப்பொட்டில் விழுந்தது. நினியன் அந்தக் கிரீனிலேயே செத்துப்போனான். அன்றைக்கு அவனோடு ஆடிக்கொண்டிருந்தது லாக்லன். பயட் தனியாகப் பின்னால் வந்தவர்.

"மணி கேட்டுச்சு. கேட்டப்புறம்தான் அடிச்சேன்," என்றார் பயட்.

"மணி அடிக்கவே இல்லை," என்றான் லாக்லன்.

அவ்வளவுதான். கடற்காற்று அன்றைக்குப் பேயாக வீசியது. பாறைகளுக்கு அப்பால் மிதவை ஒன்றில் ஒரு மணி கட்டியிருக்கிறது, அலையடித்தால் அது தானாக ஒலிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பயட் ஏமாந்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. விசாரணையில் அதை விபத்து என்று எழுதினார்கள். கிளப்பின் கமிட்டி மட்டும் அவர் பேருக்கு எதிரே ஒரு நிபந்தனை எழுதியது: ஆறாம் குழியில், முன்னால் போகும் குழு மணியடித்த பிறகன்றி, கில்பர்ட் பயட் ஒருக்காலும் பந்தை அடிக்கக்கூடாது.

மற்றவர்கள் மணி கேட்காவிட்டால் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு அடிப்பார்கள். பயட்டுக்கு அது கிடையாது. நிபந்தனை எழுதினவர்களே மணியை அடிக்காமல் போகத் தொடங்கினார்கள். அவர் மழையிலும் காற்றிலும் வெள்ளைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நின்றுவிட்டு, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏழாம் குழிக்கு நடப்பார். ஆண்டுக்கணக்கில் இதுதான். நடுவே எப்போதாவது இரக்கப்பட்டவரோ விவரம் தெரியாத விருந்தாளியோ அடித்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு ஒரு முழு ஆட்டம் கிடைக்கும்.

மைதானத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கறிக்கடைக்குள் பயட் நுழைந்தால் கதவுமணி கிணுங்கும். "கேட்டுச்சா கில்பர்ட்? இது மிதவை இல்லப்பா, கதவு!" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது பின்வரிசையிலிருந்து யாராவது குனிந்து, "இப்ப அடிக்கலாம் பயட், வழி காலி," என்பார்கள். ஆண்டவருடைய வீட்டில் அதைக் கேட்டு ஆட்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். லாக்லனும் சிரிப்பான். அவன் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் உரக்க இருக்கும்.

ஏனென்றால் அன்றைக்கு மணியடித்தது லாக்லன்.

நினியனும் அவனும் கிரீனை விட்டு இறங்கினார்கள். நினியன் புகைக்குழாயைப் புல்லில் வைத்துவிட்டு மறந்து, திரும்பிப் போனான். லாக்லன் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி எல்செபெத் நிறைமாதக்காரி, வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். கயிற்றைப் பிடித்து இழுத்தான். மற்றவர்கள் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மணியின் நாக்கைக் கையால் பிடித்து நிறுத்துவார்கள். லாக்லனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கயிற்றை அப்படியே விட்டுவிடுவான், நாக்கு ஆடி மூன்றாவதாக லேசாக ஒன்று தட்டும். டண், டண், பிறகு ஒரு சின்ன டிங். அந்தச் சின்ன ஒலி அடங்கியதும் பந்து மேட்டுக்கு மேலே வந்தது.

ஸ்ட்ரூவன் சேதி கேட்டு ஓடிவந்து, "மணியடிச்சியாடா? சொல்லுடா, அடிச்சியா?" என்று உலுக்கியபோது பயத்தில் வாயில் வந்தது அந்த ஒரு வாக்கியம். மறுநாள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மறுநாள் அதைச் சொல்ல இன்னும் கடினமாக இருந்தது. சவப்பெட்டியைச் செய்ய ஊரில் வேறு தச்சர் இல்லை. பயட்டே செய்யட்டும், ஒவ்வோர் ஆணியாக அவரே அறையட்டும் என்றான் ஸ்ட்ரூவன். பயட் செய்துகொடுத்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் எட்டுக் கயிறுகளில் ஒன்றை லாக்லன் கையில் கொடுத்தார்கள். அது உற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கும் மரியாதை. பயட் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கயிற்றைப் பிடித்த பிறகு லாக்லனுக்கு வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம் ஸ்ட்ரூவன் புது விதி ஒன்று கொண்டுவந்தான். வருஷத்தில் ஒரு மெடல் போட்டியிலாவது பதினெட்டுக் குழியும் முடித்து, ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று குறித்த கார்டைக் கொடுக்காதவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். எல்லோரும் கை தூக்கினார்கள். லாக்லனும் தூக்கினான். வசந்தத்திலிருந்து ஒவ்வொரு மெடலிலும் பயட்டுக்கு முன்னால் யார் போனாலும் மணி ஒலிக்கவில்லை. அக்டோபரில் கடைசி மெடல் வந்தது. பயட்டுக்கு அறுபத்து மூன்று வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. இறுகிய மண்ணில் பந்து துள்ளி ஓடுவதையும், காற்றுக்குக் கீழே அதைத் தாழ்வாக அனுப்புவதையும் தவிர அந்த மனிதருக்கு வேறு சந்தோஷம் இருந்ததாக யாருக்கும் தெரியாது.

அன்று காலை வடகிழக்கிலிருந்து காற்று. முன்னால் ஸ்ட்ரூவன், லாக்லன், ரயில்நிலைய எழுத்தர் டூகல் வாட். பின்னால் பயட், அவர் கார்டைக் குறிக்க ஸ்ட்ரூவனின் நிலக்கரிக் கிடங்கில் வேலைபார்க்கும் ஒருவன். எல்லாம் ஏற்பாடு.

ஆறாம் கிரீனில் ஆட்டத்தை முடித்ததும் ஸ்ட்ரூவன் மணியிடம் போனான். அடிக்கவில்லை. கழுத்திலிருந்த கம்பளித் துண்டை எடுத்து மணியின் நாக்கில் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"காத்துல தப்பித்தவறி ஆடிடுச்சுன்னா? அந்தச் சிரமம் எதுக்கு," என்றான்.

டூகல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு பாவம்! துண்டு போட்டு வைத்தியம் பாக்குறாரு தலைவரு!"

"லாக்லன், என்னடா மூஞ்சி தொங்குது? ரொட்டி கருகிடுச்சா?" என்றான் ஸ்ட்ரூவன்.

"ஒண்ணுமில்ல. குளிரு."

"குளிரா? மேல வா, சூடாயிடும்."

ஏழாம் குழிக்கு அடிக்கும் மேடை உயரமானது. அங்கிருந்து பார்த்தால் மணல்மேட்டின் இரண்டு பக்கமும் தெரியும். கீழே பயட் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பூ உதிர்ந்த முட்புதர்கள் பக்கத்தில், சாம்பல் நிற மழைக்கோட்டில், மட்டையை ஊன்றியபடி. ஒரு மரம்கூட இல்லாத அந்த வெளியில் அவருக்கு ஒதுங்க இடமில்லை. கூட வந்தவன் மேட்டில் ஏறிப் பார்த்து, தன் பந்தை அடித்துவிட்டு, புதரோரம் குந்திச் சிகரெட் பற்றவைத்தான். மழை தூற ஆரம்பித்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் நிப்பான்னு சொல்லு பாப்போம்," என்றான் டூகல்.

"போன மாசம் அரைமணி நேரம் நின்னான்," என்றான் ஸ்ட்ரூவன். அவன் குரலில் சிரிப்பு இல்லை. "நிக்கட்டும். என் தம்பி அங்க படுத்துக் கெடந்தானே, அவனைத் தூக்க ஆளு வர எவ்வளவு நேரமாச்சு? நிக்கட்டும்."

லாக்லன் கீழே பார்த்தான். பயட் தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். அதில் லாக்லனுக்கு என்னவோ ஆயிற்று. இத்தனை வருஷமும் தாங்கியவனுக்கு ஒரு தொப்பியை உதறுவதைப் பார்க்க ஏன் முடியாமல் போனது என்று கேட்டால் பதில் இல்லை. மனிதனின் மனம் எந்த இடத்தில் இளகும் என்று ஆண்டவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கையுறையை விட்டுட்டு வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

"ரெண்டும் உன் கையிலதானேடா இருக்கு?" என்று டூகல் கத்தியது காற்றில் போயிற்று.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தான். துண்டு புல்லில் விழுந்தது. கயிற்றைப் பிடித்தான், இழுத்தான், விட்டான்.

டண். டண். டிங்.

காத்திருந்தான். பந்து வரவில்லை. மறுபடி அடித்தான். டண், டண், டிங். வானத்தில் ஒன்றும் வரவில்லை. மேட்டில் ஏறினான், நாணல்போல் நீண்ட கோரைப்புல் கையை அறுத்தது. வெள்ளைக்கல்லின் பக்கத்தில் நின்று கீழே பார்த்தான். பயட் அதே இடத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் பயட்! மணி அடிச்சாச்சு! அடிங்க!"

லாக்லன் சரிவில் சறுக்கிக்கொண்டு அவரிடம் வந்தான். மூச்சிரைத்தது.

"கேக்கலையா? மணி அடிச்சேனே."

"கேட்டுச்சு," என்றார் பயட். பிறகு, கோபமே இல்லாமல், விலை கேட்பதுபோலக் கேட்டார்: "கிரீன்ல யாராவது இருக்காங்களான்னு இந்தத் தடவையாவது பாத்துட்டு அடிச்சியா?"

மழை இருவர் மேலும் பெய்தது. கிடங்குக்காரன் சிகரெட்டை உதட்டிலேயே மறந்துவிட்டு வாய் பிளந்து பார்த்தான்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டான் லாக்லன்.

"அன்னிக்கே தெரியும். ரெண்டு அடிச்சிட்டு விட்டுடுறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான். மூணாவதா சின்னதா ஒண்ணு. மிதவை அப்படியா அடிக்கும்?"

"அப்ப ஏன்... நான்தான்னு ஏன் சொல்லல நீங்க?"

பயட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஸ்ட்ரூவன் அன்னிக்கு வாத்து சுடுற துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நின்னான். உன் பொண்டாட்டி கடை வாசல்ல வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. என்னைச் சுட்டா அழ ஆளில்ல, என் வீட்டுக்காரி அப்பவே போயிட்டா. ஒரு வாரம் போகட்டும், அவன் ஆறட்டும்னு நெனச்சேன். நீயே வந்து சொல்லிடுவேன்னும் நெனச்சேன்."

"நான் வரல."

"வரல. அப்புறம் போர் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் சொன்னா யாரு நம்புவா? மணிக்காரன் மறுபடி ஆரம்பிச்சிட்டான்னு சிரிப்பாங்க. நீயும் சிரிச்சிருப்பே." மட்டைப் பிடியின் ஈரத்தைக் கோட்டில் துடைத்தார். "நீ சிரிக்கிறது எனக்குக் கேக்கும் லாக்லன். கோயில்ல. உன் சிரிப்பு தனியாத் தெரியும்."

லாக்லனுக்குச் சொல்வதற்கு இருந்த ஒரே சொல்லை அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தள்ளி நில்லு," என்றார் பயட். "கார்டை முடிக்கணும்."

அவர் அடித்தார். பந்து வெள்ளைக்கல்லுக்கு ஒரு கை உயரத்தில் தாழ்வாகப் போய் மறைந்தது.

லாக்லன் ஏழாம் மேடைக்கு ஏறினான். ஸ்ட்ரூவன் அங்கே நின்றிருந்தான். டூகல் எதையோ சொல்ல வாயெடுத்தான், ஸ்ட்ரூவனின் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

"யாருடா அடிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அன்னிக்கும் நான்தான் அடிச்சேன் ஸ்ட்ரூவன். நினியன் புகைக்குழாய் எடுக்கப் போனான். நான் திரும்பிப் பாக்கல."

ஸ்ட்ரூவன் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மட்டையைப் பையில் செருகிக்கொண்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு, ரயில்பாதையோரமாக ஊரை நோக்கி நடந்துவிட்டான்.

சாயங்காலம் பயட் கிளப்புக்குள் வந்து நனைந்த கார்டைச் செயலாளர் மேசையில் வைத்தார். தொண்ணூற்றேழு அடி. கெட்ட எண்ணிக்கைதான், ஆனால் பதினெட்டுக் குழியும் இருந்தன. அதற்குள் கிடங்குக்காரன் வாயால் ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க எழுந்தவர் யாருமில்லை. எல்லோரும் கண்ணாடி டம்ளரைப் பார்த்தார்கள். ஸ்ட்ரூவன் மட்டும் எழுந்தான்.

"ஏன்யா சொல்லல நீ? பதினேழு வருஷம்! என்னை நாயா ஆக்கி வச்சிருந்தியே! ஊமையா நின்னு நின்னு என்னை இப்படி ஆக்கிட்டியே!"

பயட்மேல் அந்தக் குற்றமும் சேர்ந்துகொண்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஊர் அப்படித்தான். சிரித்த சிரிப்புக்கு இன்னொரு முதுகு வேண்டியிருந்தது, லாக்லனுடையது கிடைத்தது. அவன் கடை ரொட்டிகள் சாயங்காலம்வரை தட்டிலேயே கிடந்தன. கடைக்கதவைத் திறந்து மூடி மணியைக் கிணுங்கவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள். கோயிலில் பின்வரிசையிலிருந்து அதே ஆட்கள் அதே சொற்களை அவன் காதில் சொன்னார்கள். எல்செபெத் இரண்டே இரண்டு கேள்வி கேட்டாள். "எனக்கு நிறைமாசம்னுதான் நீ பொய் சொன்னியா? நம்ம ஐல்சா பொறந்த அன்னிக்கும் அந்த மனுசன் வீட்ல தனியா இருந்தாரா?" பிறகு அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி, மகள் கையில் பயட் வீட்டுக்கு அனுப்பினாள். முதல் வாரம் அது அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் வாரம் துணி மட்டும் மடித்து வந்தது.

கமிட்டி கூடி லாக்லன் பேருக்கு எதிரே ஒரு நிபந்தனை எழுதியது. புதிதாக வாசகம் தேடவில்லை. பழைய ஏட்டைப் புரட்டி, பெயரை மட்டும் மாற்றினார்கள்.

ஏப்ரலில், வருஷத்தின் முதல் மெடல். லாக்லன் கடைசியில் போனான். அவன் கார்டைக் குறிக்க வந்த அதே கிடங்குக்காரன், தன் பந்தை அடித்துவிட்டு, புதரோரம் குந்திச் சிகரெட் பற்றவைத்தான். முன்னால் போனது பயட்டும் டூகலும் இன்னொருவரும். லாக்லன் மட்டையை ஊன்றிக்கொண்டு வெள்ளைக்கல்லைப் பார்த்தான். முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. மேட்டுக்கு அப்பாலிருந்து காற்றில் டூகலின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"வாங்க கில்பர்ட், போலாம். நிக்கட்டும் அவன். உங்களை நிக்க வச்சவன்தானே?"

பயட் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. மணி இல்லை. பத்து நிமிடம். ஏழாம் மேடையில் டூகலும் மற்றவரும் தெரிந்தார்கள், இங்கே கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பயட் அவர்களோடு இல்லை. அவர் எங்கே இருக்கிறார், மணிக்குப் பக்கத்திலா, வேறெங்காவதா, லாக்லனுக்குத் தெரியவில்லை. காற்று காதில் இரைந்தது. மிதவை மணி ஒருமுறை ஒலித்தது. லாக்லனின் கை மட்டையில் அசைந்து, அடங்கியது. இந்த மண்ணில் நிற்பவனுக்கு நேரம் எப்படிப் போகும் என்பதை அவன் முதல்முறையாக அறிந்தான்.

இருபது நிமிடமாயிற்று.

டண். டண். நாக்கைப் பிடித்து நிறுத்திய, சுத்தமான இரண்டு ஒலிகள்.

பிறகு மேட்டின் தலையில், வெள்ளைக்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய தொப்பி எழுந்தது. பயட் கிரீனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், கீழே நின்ற லாக்லனைப் பார்த்தார். கையை அசைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. இறங்கிப் போனார்.

லாக்லன் உடனே அடிக்கவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, மேட்டில் ஏறி, கிரீனில் யாருமில்லை என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கி வந்துதான் அடித்தான்.